வீட்டுப் பத்திரத்தை உள்ளே வையுங்கள் அம்மா

அம்மா, நேற்று நீங்கள் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுக்கும்வரை ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். முழங்கால் ஜவ்வு கிழிந்து கால்பந்தாட்டம் நின்றுபோன உங்கள் பையன், கோச் ஆகி வெளிநாடு போகணும் என்கிறான். லண்டனில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கட்டும், 25 லட்சம் லோன் போடலாம் என்று தாய்மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். வேண்டாம். அது நிர்வாகப் படிப்பு. கோச் வேலைக்குப் போனால் முதலில் கேட்பது பயிற்சியாளர் லைசென்ஸைத்தான்.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் டி லைசென்ஸ் சில நாள் வகுப்புதான். அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. பரீட்சை மைதானத்தில் நடக்கும். பயிற்சித் திட்டத்தை எழுதிக்கொண்டு போய், பையன்களை ஆடவிட்டு, சரியான நொடியில் விசிலடித்து நிறுத்தி, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டித் திருத்தி, மறுபடி ஆடவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் நிஜமாகவே ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற முடியாது. அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. ஆசியக் கூட்டமைப்பில் சிங்கப்பூர், மலேசியா, மாலத்தீவு, கத்தார் என 47 உறுப்புச் சங்கங்கள். ஐரோப்பாவுக்கு லைசென்ஸ் தனி.

சிங்கப்பூர்த் தமிழர் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்வரை போய் ஆடியவர். கோச்சாக 2013-இல், மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் XII அணிக்கு மலேசிய சூப்பர் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். அடுத்து மலேசியாவிலேயே நெகிரி செம்பிலான் அணிக்குக் கோச். 2016-இல் சிங்கப்பூர் தேசிய அணி. எல்லாருக்கும் அந்த உயரம் வாய்க்காது. ஆனாலும் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் அகாடமிகளுக்கும் சின்னப் பிள்ளைகளைப் பழக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் வேண்டும்.

டி லைசென்ஸ் கட்டணத்தை அவனே சம்பாதித்துக் கட்டட்டும். வெளிநாட்டு வேலைக்கு யாராவது லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

நீங்கள் வெளியே போனதும் அவன் ஒரு நோட்டைக் காட்டினான். வியாசர்பாடியில் அவன் காலையில் பழக்கும் பதினான்கு பிள்ளைகளின் பெயர், எந்தக் கால் பலம், யார் பந்தை விடாமல் வைத்துக்கொள்கிறான் என்றெல்லாம் தேதிவாரியாக எழுதியிருக்கிறான். மூன்று பெயருக்குப் பக்கத்தில் 'சாப்பிடாம வந்தான்' என்று இருந்தது. இந்தப் பையனை வேறு பக்கம் இழுக்காதீர்கள்.

மாமாவின் நம்பரை அனுப்புங்கள். நானே பேசுகிறேன்.