முதல் காரை மாடிஃபை செய்யும் ஆசையை எப்படி அடக்குவது?

கேள்வி கேட்டவர் போன மாதம்தான் ஒரு பழைய காரை வாங்கியிருக்கிறார். அதுதான் அவருக்கு முதல் கார். அலாய் வீல், சைலன்சர், லைட் என்று தினமும் ராத்திரி வீடியோ பார்க்கிறாராம், கை அரிக்கிறதாம். எனக்கும் இந்த அரிப்பு வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். 2019-ல் வாங்கினேன், 2013 மாடல் மாருதி ஸ்விஃப்ட், வி.எக்ஸ்.ஐ. வேரியன்ட், பெட்ரோல், நான் மூன்றாவது ஓனர். எங்கள் ஊரில் இந்த ஆசைக்குத் தனியாகத் தீனி போட வேண்டியதே இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தளம் இருக்கிறது. காலேஜ் படிக்கும்போது அங்கே போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஸ்விஃப்ட் இன்ஜின் போட்ட பார்முலா எல்.ஜி.பி. பந்தயக் கார்கள் அந்த இரண்டு கிலோமீட்டர் சுற்றில் கத்திக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்கு, அதே பேரில் ஒரு வண்டி வீட்டு வாசலில் நின்றால் புத்தி எங்கே போகும்?

வாங்கிய முதல் வாரமே ஒரு நோட்டு போட்டேன். முன் பக்கம் பெட்ரோல் கணக்கு, பின் பக்கம் ஆசைக் கணக்கு. என்ன வேண்டும், என்ன விலை, எந்தத் தேதியில் தோன்றியது என்று மூன்றே கட்டம். முதல் மூன்று மாதத்தில் பத்தொன்பது வரிகள் சேர்ந்தன. 17 இஞ்ச் அலாய், கோன் ஏர் ஃபில்டர் (இன்ஜினுக்குக் காற்றை அதிகம் விடும் என்று விற்கும் கூம்பு வடிவ ஃபில்டர்), ஸ்பாய்லர் (பின்பக்கம் மேலே வைக்கும் இறக்கை), ஸ்பிரிங் வெட்டி வண்டியைத் தாழ்த்துவது, எல்.இ.டி. லைட், இரட்டைக் குழல் ஹாரன். மொத்தம் கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் பாதி வந்தது. இது வரவு செலவுக்காகப் போட்ட நோட்டுதான், கட்டுப்பாட்டுக்காக இல்லை. கையில் காசு இல்லாததால்தான் முதல் ஆறு மாதம் நல்லபிள்ளையாக இருந்தேன்.

அந்த ஆறு மாதத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தாராபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தேன். பல்லடத்துக்கு முன்னால், பின்விளக்கே இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போன ஒரு டிராக்டர் டிரெய்லர் கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் பட்டது. பிரேக் பிடித்ததும் பக்கத்து சீட்டில் இருந்த டிபன் கேரியர் கீழே உருண்டது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நோட்டை எடுத்து லைட் என்ற வரிக்குக் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டேன். மறுநாள் கடையில் விசாரித்தால், கம்பெனி போட்டது 60/55 வாட் பல்பு (ஹை பீம் 60, லோ பீம் 55), அதைக் கழற்றிவிட்டு 100/90 போடுங்கள், பகல் மாதிரி எரியும் என்றார்கள்.

நல்லவேளை, ஆயில் மாற்ற வேண்டியிருந்ததால் அதற்கு முன் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். எங்கள் மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. ஹெட்லைட் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார், கட்டை விரலை எச்சில் தொட்டு மேல்கூட்டில் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் ஒரு நொடி தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மஞ்சள் பூத்தது. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் பழுத்துப்போயிருந்தது. "ஏனுங் தம்பி, கண்ணாடி குருடா இருந்தா உள்ளார சூரியனையே வெச்சாலும் என்னத்துக்காகுமுங்?" என்றார். அப்புறம் கணக்கையும் சொன்னார். 60 வாட் பல்பு ஐந்து ஆம்பியர் இழுக்கும், 100 வாட் எட்டுக்கு மேல் இழுக்கும். ஒயரும், அதைப் பல்போடு இணைக்கும் கப்ளரும் ஐந்துக்குச் செய்தவை. பேட்டரியிலிருந்து தனி ஒயரில் மின்சாரம் கொடுக்கும் ரிலே போடாமல் பல்பை மட்டும் மாற்றினால் கப்ளர் உருகி நாற்றம் வந்த பிறகு தன்னிடம்தான் வருவேன் என்றார்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் காம்பவுண்ட் போட்டார்கள். நானூறு ரூபாய் ஆனது. (மேலே இருந்த பூச்சு போய்விடும், அதனால் ஒன்றரை வருடத்தில் மறுபடி மஞ்சளாகும். எனக்கும் ஆனது, மறுபடி தேய்த்தேன்.) அதோடு விடவில்லை. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்கு மேலே, எண் போட்ட ஒரு சின்னச் சக்கரத்தைக் காட்டி, "இது எதுக்குன்னு தெரியுமுங்களா?" என்றார். தெரியாது. ஆறு மாதமாக ஓட்டுகிறேன், அப்படி ஒன்று இருப்பதையே பார்த்ததில்லை. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அழுந்தி மூக்கு தூக்கும், எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். அப்போது லைட்டைக் கீழே இறக்குவதற்கு அது. தனியாகப் போகும்போது 0-வில் இருக்க வேண்டும். என்னுடையது 3-ல் இருந்தது. பழைய ஓனர் குடும்பத்தோடு எந்தக் கோயிலுக்குப் போனபோது திருப்பினாரோ! நான் அத்தனை நாளும் என் பம்பருக்கு முன்னாலிருந்த தார் ரோட்டுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். மாற்ற வேண்டும் என்று நான் எழுதிய வரிகளில் பாதி, வண்டி சரியாக இல்லாததால் வந்தவை. "பிக்கப் இல்லை, கோன் ஃபில்டர்" என்று எழுதியிருந்தேன், பழைய ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண் கொட்டியது. "வளைவில் அலைகிறது, தாழ்த்த வேண்டும்" என்ற வரிக்குக் காரணம் பின் டயரில் காற்று குறைவாக இருந்ததும், சஸ்பென்ஷனில் தேய்ந்துபோன ஒரு ரப்பர் புஷ்ஷும்.

நோட்டில் எழுதாமலே நான் கைவைத்த ஒரு இடமும் உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. கப்ளர் வைத்துச் சொருகச் சொன்னால், ஒரு பையன் கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டான். நானும் பாட்டு கேட்ட மயக்கத்தில் கவனிக்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் பஸ்ஸில் போய் ஐந்து நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்'கென்று ஒரே சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்து, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் விழுந்தது. சாவியை அணைத்தாலும் தூங்காமல் கால் ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர்-மணி, ஐந்து நாளைக்கு முப்பது. என் பேட்டரி மொத்தமே முப்பத்தைந்து. சாவியோடு அணையும் இக்னிஷன் லைனில் போக வேண்டிய ஒயரை, எப்போதும் மின்சாரம் வரும் நேர் லைனில் அந்தப் பையன் சேர்த்துவிட்டிருந்தான், அதுதான் விஷயம்.

ஆசை நமக்கு மட்டும்தான் வரும் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் அப்பா, "ஏங் கண்ணு, முன்னால ஒரு இரும்புக் கம்பி போட்டுக்கலாமில்ல, பாதுகாப்பா இருக்கும்" என்று ஒரு வருடம் நச்சரித்தார். புல் பாரைச் சொல்கிறார். இடித்தால் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் காரைச் செய்கிறார்கள். சேஸியில் கம்பியை முடுக்கினால் அந்த அடி நேராக உள்ளே வரும், நடந்து போகிறவர்மேல் பட்டால் கேட்கவே வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசே இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இதையெல்லாம் விளக்கினேன், அப்பா மசியவில்லை. போலீஸ் பிடித்தால் ஃபைன் என்றேன், உடனே விட்டுவிட்டார்.

ஃபைன் என்று சும்மா மிரட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் விவரத்துக்கு மாறாக, கம்பெனி கொடுத்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்று இருக்கிறது. கலர் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கிச் செய்யலாம். சீட் கவர், மேட், போன் ஸ்டாண்டு எல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை, ஆசை தீர வாங்குங்கள்.

சரி, அந்தப் பத்தொன்பதில் ஒன்றுகூடச் செய்யவில்லையா என்றால், செய்தேன். 14 இஞ்ச் வீலில் இருந்த பழைய 165/80 ஆர் 14 டயர்கள் தேய்ந்து, எப்படியும் மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது 15 இஞ்ச் அலாயும் 185/65 டயரும் போட்டேன். இது கம்பெனியே மேல் வேரியன்டான இசட்.எக்ஸ்.ஐ.க்குக் கொடுத்த அளவு. சக்கரத்தின் மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. முதலில் ஆசைப்பட்ட 17 இஞ்சுக்கு 205/45 டயர் போட வேண்டும். அதில் டயரின் பக்கச்சுவர் பழையதைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட எங்கள் தெருவில் அந்த அலாய் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது, ஒரு நோட்டு போடுங்கள், தேதி எழுத மறக்காதீர்கள். கடைக்குப் போகும் முன் ஷெட்டுக்குப் போங்கள். கையேட்டை ஒருமுறை முழுசாகப் படியுங்கள், என் மாதிரி ஆறு மாதம் கழித்து ஒரு சக்கரத்தைக் கண்டுபிடிக்காதீர்கள். என் நோட்டில் பதினேழு வரிகள் அடிக்கப்பட்டுவிட்டன. அலாய்க்கு டிக் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது ஸ்பாய்லர். அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அந்த வரியை அடிக்க இன்னும் கை வரவில்லை.