வெயில் ஆகாத பிள்ளை: வடசென்னைப் பெற்றோர் கேள்விகள்

(எக்ஸ்பி எனும் சீரோடெர்மா பிக்மென்டோசம்: புற ஊதாக் கதிர் டிஎன்ஏவில் செய்யும் சேதத்தை உடம்பால் சரிசெய்ய முடியாத பிறவிக் குறை. பதில்: தோல் மருத்துவர்.)

காசிமேடு: ஒன்றரை வயசுப் பையன் டாக்டர். மூக்கு, கன்னம், உதடெல்லாம் கரும்புள்ளி. வெளிச்சத்துல கண்ணே திறக்க மாட்டேங்கிறான். மரபணு டெஸ்ட்டுக்குக் காசில்ல.

டெஸ்ட் பிறகு எடுக்கலாம். நம் நிறத்துப் பிள்ளைக்கு இரண்டு வயதுக்குள் வெயில் படும் இடத்தில் மட்டும் புள்ளி வந்து, ஜட்டி மறைக்கும் இடம் சுத்தமாக இருந்தால் எக்ஸ்பி என்றே வைத்துக்கொண்டு இன்றே பாதுகாப்பைத் தொடங்குங்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெயிலில் கொப்புளமே வராது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளியே இல்லாமல், வெயிலில் நின்ற சில நிமிடத்தில் எரிகிறது என்று துடித்தால் அது போர்பிரியா வகையாக இருக்கலாம். வேறு நோய், வேறு சோதனை.

தண்டையார்பேட்டை: வீட்டுக்குள்ளயே வச்சிருக்கேன், அப்பவும் புள்ளி கூடுதே?

புற ஊதாக் கதிரில் (யுவி) யுவிஏ, யுவிபி என இரண்டு வகை வெயிலில் வரும். ஜன்னல் கண்ணாடி யுவிபியைத்தான் தடுக்கும், யுவிஏ உள்ளே வரும். யுவி ஃபிலிம் ஒட்டுங்கள், இல்லையென்றால் கனத்த திரை. டியூப்லைட், சிஎஃப்எல் எடுத்துவிட்டு எல்ஈடி போடுங்கள். எதிரே வெல்டிங் பட்டறை இருந்தால் அந்தப் பக்கக் கதவைத் திறக்கவே வேண்டாம். அந்த வெளிச்சமும் புற ஊதாதான்.

வெளியே போக முழுக்கை, கழுத்துவரை சட்டை. துணியை டார்ச்சுக்கு நேரே பிடியுங்கள்: வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தால் போதாது. நனைந்த காட்டன் இன்னும் மோசம். கண்ணுக்கு, பக்கவாட்டு மூடியுள்ள பாலிகார்பனேட் கண்ணாடி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியே போதும். சன்ஸ்கிரீன் கடைசி அரண்தான்: எஸ்பிஎஃப் 50, முகம் கழுத்துக்கு பிள்ளையின் விரலால் இரண்டு விரல் நீளம், இரண்டு மணிக்கொரு முறை. மெல்லிசாகத் தடவினால் பாதிப் பலன்கூட இல்லை. கேலமைன் லோஷன் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது.

வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும். தினம் 600 யூனிட்டில் தொடங்கி, ரத்த அளவு பார்த்து மாற்றுவோம்.

வியாசர்பாடி: மாமன் பொண்ணைத்தான் கட்டினேன். அடுத்ததுக்கும் வருமா?

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மரபணு டெஸ்ட்டுக்குச் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான்: மூத்த பிள்ளையின் மாற்றம் தெரிந்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் பார்த்துவிடலாம்.

ராயபுரம்: எத்தனை மாசத்துக்கு ஒருக்கா காட்டணும்?

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை. கண்ணுக்கும் காது கேட்கும் திறனுக்கும் தனியாக. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நரம்பும் பாதிக்கும். வீட்டில் மாதாமாதம் இமை ஓரம், உதடு, நாக்கு நுனி, உச்சந்தலை பாருங்கள். ஆறாத புண், ரத்தம் கசியும் கட்டி தெரிந்தால் அது தோல் புற்றுநோயாக இருக்கலாம், அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பட்டாணி அளவில் வெட்டி எடுப்பது சின்ன ஆபரேஷன். மூக்கை அரித்தபின் அப்படி இல்லை.