பழைய பாய்மரப் படகுக்குப் புது எலக்ட்ரானிக்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: அமெரிக்காவில் அனாபொலிஸ் பக்கம் இருக்கிறோம். 1986-ல் கட்டிய 30 அடி பாய்மரப் படகு ஒன்றை 14,000 டாலருக்கு வாங்கினேன். ஆழம், வேகம் காட்டும் கருவிகள் ஆட்டோஹெல்ம் என்ற கம்பெனியின் பழைய கருவிகள், ரேடியோ அதைவிடப் பழசு. 12 அங்குல சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் திரை), ரேடார், காற்றுமானி, ஏ.ஐ.எஸ் (கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏற்பாடு) எல்லாம் சேர்த்து ஒரு கடையில் 9,500 டாலர் கேட்கிறார்கள். சனி, ஞாயிறில் செசபீக் விரிகுடாவுக்குள்ளேயேதான் ஓட்டுகிறோம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். படகு விலையில் மூன்றில் இரண்டு பங்கை அதன் மேலேயே கொட்டுகிறீர்கள், நாளைக்கு விற்கும்போது அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. சரி, அதை விடுங்கள், சொந்தச் சந்தோஷத்துக்குச் செலவு செய்கிறோம் என்றாலும் இந்தப் பட்டியல் உங்கள் தண்ணீருக்குப் போட்ட பட்டியலாகத் தெரியவில்லை. செசபீக்கின் சராசரி ஆழமே சுமார் 21 அடிதான், உங்கள் கீல் (படகின் அடியில் நீட்டியிருக்கும் கனமான பகுதி) நாலைந்து அடி கீழே இறங்கியிருக்கும், அதனால் நீங்கள் தினமும் பயப்பட வேண்டியது தரை தட்டுவதற்குத்தான். முதல் செலவு ஆழம் காட்டும் கருவிக்கு. இருப்பது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று கையில் கயிறும் ஈயக்குண்டும் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள், சரியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், படகின் அடிப்பகுதி முழுக்க ஃபைபர்கிளாஸாக இருந்தால் உள்ளே இருந்தே ஒட்டும் டிரான்ஸ்டியூசர் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் உணரி) போதும், ஓட்டை போட வேண்டாம், படகைத் தண்ணீரை விட்டுத் தூக்கும் கூலியும் மிச்சம். நடுவில் பால்சா மரமோ நுரையோ வைத்துக் கட்டிய இடமென்றால் இது வேலை செய்யாது.

அடுத்தது ரேடியோ. பால்டிமோர் போகும் கப்பல்கள் 50 அடி ஆழக் கால்வாயை விட்டு விலக முடியாது, விலக வேண்டியது நீங்கள்தான். ஏ.ஐ.எஸ் ரிசீவர் உள்ளேயே வைத்த வி.எச்.எஃப் ரேடியோ (படகுகளும் கப்பல்களும் பேசிக்கொள்ளும் ரேடியோ) சுமார் 400 டாலருக்கு வருகிறது, கப்பலின் பெயர், வேகம், எவ்வளவு நெருக்கத்தில் கடக்கும் என்பதெல்லாம் அதன் சின்னத் திரையிலேயே தெரியும், பாய்மர உச்சியில் இருக்கும் அதே ஆன்டெனாவே இரண்டுக்கும் போதும். ஆனால் அந்த ஆன்டெனா கேபிளை முதலில் பாருங்கள். பாய்மரத்தின் அடியில் இருக்கும் இணைப்பைக் கழற்றி, கருப்பு உறையை ஓர் அங்குலம் சீவினால் உள்ளே செம்புப் பின்னல் தெரியும். பளபளவென்று இருந்தால் நல்லது, கறுத்தோ பச்சைப் பொடியாகவோ உதிர்ந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ரேடியோ வைத்தாலும் அடுத்த கரையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. பழைய படகில் ரேடியோ கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறவர்களில் பலருக்கு உண்மையில் கெட்டது கேபிள்தான்.

அப்புறம் சார்ட்பிளாட்டர். சுக்கான் பக்கத்தில் 7 அங்குலம் தாராளம், ஆயிரம் டாலருக்குள் முடியும். 12 அங்குலத் திரை வெயிலில் நன்றாகத்தான் தெரியும், ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயில் போகிற உங்களுக்கு அது நாள் முழுக்க பேட்டரியைக் குடிக்கும். ரேடார் பனிமூட்டத்திலும் இரவிலும் ஓட்டுகிறவர்களுக்கு, வார இறுதிப் பகல் ஓட்டத்துக்கு அது அலங்காரம். (எந்தத் திரையும் காட்டாத நண்டுக்கூண்டு மிதவைகளுக்குக் கண்ணைத் தவிர வேறு வழியே இல்லை.) கடையில் கருவிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிக் கூலி எதற்கென்று அங்கேயே தெரிந்துவிடும். அக்டோபரில் உங்கள் ஊரிலேயே பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கும், அதுவரை பொறுத்தால் பேரம் பேச வசதி.

கேள்வி: பழைய கருவிகளைப் புதுத் திரையோடு சேர்க்க முடியுமா, எல்லாவற்றையும் மாற்றினால்தான் உண்டு என்கிறார் கடைக்காரர்.

பதில்: அப்படி இல்லை. உங்கள் ஆட்டோஹெல்ம் பேசுவது சீடாக் என்ற பழைய மொழி. ஆட்டோஹெல்ம்தான் பின்னால் ரேமரைன் ஆனது, அவர்களே பழைய சீடாக்கைப் புது வலையமைப்பில் சேர்க்க ஒரு மாற்றிப் பெட்டி விற்கிறார்கள். வேறு கம்பெனிக் கருவியாக இருந்தால் என்.எம்.இ.ஏ 0183 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அது பல கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான மொழி. 1983-ல் வந்தது, மெதுவாகப் பேசும், ஆனால் இன்றைக்கும் பல சார்ட்பிளாட்டர்கள் அதைக் கேட்கும். வாங்கும் முன் உங்களுக்குப் பிடித்த மாடலில் அந்த ஒயர் உண்டா என்று மட்டும் கேளுங்கள், மலிவு மாடல்களில் அதை எடுத்துவிடுகிறார்கள். புதிதாக எதை வாங்கினாலும் அதன் புதிய தலைமுறையான என்.எம்.இ.ஏ 2000-ல் வாங்குங்கள். ஒரு முதுகெலும்பு கேபிள், இரண்டு முனையிலும் ஒவ்வொரு டெர்மினேட்டர் (முனையை முடித்து வைக்கும் சின்னச் செருகி), மின்சாரம் ஓரிடத்தில், ஒவ்வொரு கருவிக்கும் போகும் கிளை 6 மீட்டருக்குள். இதை நீங்களே போட்டுக்கொள்ளலாம், கூலி மிச்சமாவது இங்கேதான்.

கேள்வி: ஐபேட் ஒன்றே போதாதா?

பதில்: துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்க அரசின் மின்னணுக் கடல் வரைபடங்கள் இலவசம்தான். ஆனால் வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ்ஸே கிடையாது, சிம் போடும் மாடலில்தான் உண்டு. ஜூலை வெயிலில் சூடேறி அணைந்துவிடும், மழைத்துளி விழுந்தால் விரல் எது, தண்ணீர் எது என்று அதற்குத் தெரியாது. கேபினுக்குள் இருந்தால் அருமையான கருவி.

கேள்வி: செகண்ட்ஹேண்ட் ஏ.ஐ.எஸ் டிரான்ஸ்பாண்டர் (நம் படகின் விவரத்தையும் அனுப்பும் கருவி) பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா? படகோடு வந்த பழைய கைப்பிடி ஜி.பி.எஸ்ஸும் இருக்கிறது, தேதியைத் தப்பாகக் காட்டுகிறது.

பதில்: டிரான்ஸ்பாண்டரில் முந்தைய படகை அடையாளம் காட்டும் 9 இலக்க எம்.எம்.எஸ்.ஐ எண் பதிந்திருக்கும். அமெரிக்காவில் அதை வாங்குகிறவரே மாற்றக்கூடாது, விற்பனையாளரோ தகுதியுள்ள டெக்னீஷியனோதான் போட வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள், விற்கிறவரிடமிருந்து பழைய எண்ணை எழுதி வாங்குங்கள். பழைய எண்ணிலேயே ஓட்டினால் ஏதாவது ஆபத்தில் கடலோரக் காவல்படை வேறு ஒருவர் வீட்டுக்குப் போன் போடும். செகண்ட்ஹேண்ட் ரேடியோவுக்கும் இதே கதை, பல மாடல்களில் எண்ணை ஓரிரு முறைக்கு மேல் மாற்றவே விடாது, கம்பெனிக்கு அனுப்ப வேண்டி வரும்.

அந்த ஜி.பி.எஸ் கெட்டுப்போகவில்லை. ஜி.பி.எஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும், 2019 ஏப்ரல் 6 இரவு அப்படிப் போனபோது பல பழைய கருவிகள் ஏறக்குறைய 19 வருஷம் 7 மாதம் பின்னால் போய்விட்டன. இடத்தை இன்னும் சரியாகவே காட்டக்கூடும், தெரிந்த மிதவை ஒன்றின் பக்கத்தில் நின்று சரிபாருங்கள். அதில் அலை ஏற்ற இறக்க அட்டவணை இருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அது தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.