கோல்கேனன் செய்தால் பசை மாதிரி ஆகிவிடுகிறது. சரியாகச் செய்வது எப்படி? கரம் மசாலா சேர்க்கலாமா?

அயர்லாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரும் பாட்லக்குக்கு ஐரிஷ் சாப்பாடான கோல்கேனன் (முட்டைக்கோஸோ கீரையோ கலந்த உருளைக்கிழங்கு மசியல்) செய்து கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை சரி. கடைசியில் "இவர்களுக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும்தான் சாப்பாடே, உப்புச் சப்பு இல்லை, கொஞ்சம் கரம் மசாலா போட்டால்தான் வாயில் வைக்க முடியும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் இல்லை. ஆனால் ஊட்டிக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போட்டுத்தான் என் அப்பா என்னை நர்சிங் படிக்க வைத்தார். அந்த இரண்டையும் ஒருவர் "இதெல்லாம் ஒரு சாப்பாடா" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

உங்கள் மசியல் ஏன் பசையானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மார்க்கெட்டில் வழவழவென்று அழகாக இருந்த சின்னக் கிழங்குப் பையை எடுத்திருப்பீர்கள். தோலைச் சீவி, துண்டு போட்டு, குக்கரில் மூன்று நான்கு விசில் விட்டிருப்பீர்கள். பிறகு மிக்ஸியில் ஒரு சுற்று. நானும் முதல் தடவை இதையேதான் செய்தேன். மிக்ஸியின் பிளேடு கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தை உடைத்து வெளியே இழுத்துவிடும். அது நீரோடு சேர்ந்தால் போஸ்டர் ஒட்டும் பசைதான். அதன்பின் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் மீட்க முடியாது. கொட்ட வேண்டாம், கோதுமை மாவோடு பிசைந்து சப்பாத்தி போட்டுவிடுங்கள்.

நான் கோல்கேனன் கற்றுக்கொண்டது கார்க் மாவட்டத்தில், மிடில்டன் என்ற சிறிய ஊரில். வேலைக்கு வந்த முதல் வருடம் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டியின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். இங்கே எந்த வயதுக்காரரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. கடைசிவரை மிஸஸ் என்று சேர்த்துத்தான் கூப்பிட்டேன், இங்கே பாட்டி என்றே எழுதுகிறேன். கணவர் இறந்தபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு உருளைக்கிழங்கு, ஒன்று கேல் என்ற கோஸ் இனக் கீரை.

அக்டோபர் கடைசி. இரவு டியூட்டி முடித்துப் பகலெல்லாம் தூங்கி, ஐந்து மணிக்கு எழுந்து வந்தேன். வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. அடுப்பில் பெரிய பாத்திரம். பாட்டி மூடியைத் திறந்து முள்கரண்டியால் ஒரு கிழங்கைக் குத்தித் தூக்கிக் காட்டினார். இளஞ்சிவப்புத் தோல் மூன்று இடத்தில் வெடித்திருந்தது, வெடிப்புக்குள் வெள்ளை வெளேரென்று பொரபொரவென மாவு தெரிந்தது, ஆவி போய்க்கொண்டிருந்தது. "பால்ஸ் ஆஃப் ஃப்ளவர்" என்றார். மாவு உருண்டைகள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் அப்பா முதல் கிழங்கு தோண்டிய அன்று அம்மா வேகவைத்துக் கொண்டுவந்தால், பிட்டுப் பார்த்து, "மாவாட்டம் இருக்கு" என்பார். அவர் வாயில் ஒரு கிழங்குக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு அதுதான். அதே வார்த்தையை ஒரு கார்க் பாட்டி வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவே இல்லை.

அந்தக் கிழங்கின் பெயர் கெர்ஸ் பிங்க். இந்தப் பதிலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் மாவுக் கிழங்கு வாங்குங்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் சிவப்புத் தோல் ரூஸ்டர் வருடம் முழுக்க எல்லாக் கடையிலும் இருக்கும். கார்லோவில் இருக்கும் ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகம் அது, இந்த நாட்டில் அதிகம் விற்பதும் அதுதான். சின்ன வழவழப்புக் கிழங்கு சாலடுக்குச் சரி, இதற்கு ஆகாது.

நாலு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு. தோல் சீவாதீர்கள். மாவுக் கிழங்கைச் சீவி நீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்து கஞ்சியாகும், நடுவில் வேகாமல் நிற்கும். உப்பு போட்ட நீரில் தோலோடு போட்டுக் கொதிக்க விட்டு, பாதி வெந்ததும் நீரில் முக்கால்வாசியை வடித்துவிடுங்கள். மீதியில் மூடி போட்டு, சின்னத் தீயில் ஆவியிலேயே வேகட்டும். வெந்ததும் மிச்ச நீரையும் வடித்து, சுத்தமான பருத்தித் துண்டை மேலே போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாட்டி இந்த ஐந்து நிமிடத்தில் யாரையும் அடுப்புப் பக்கம் விடமாட்டார். பிறகு சூட்டோடு சூடாக முள்கரண்டியில் குத்திப் பிடித்துத் தோலை உரிக்க வேண்டும். ஆறவிட்டு உரித்தால் கட்டி கட்டியாக மசியும்.

மிக்ஸி வேண்டாம், சரி, வேறு எதில் மசிப்பது? நான் ஊரிலிருந்து கீரை மத்து ஒன்று கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்து வந்ததும் பாட்டி எழுந்து போய், அலமாரியின் அடியிலிருந்து அவர் அம்மா வைத்திருந்த மரக் கட்டை ஒன்றை எடுத்து வந்தார். பீட்டில் என்று பெயர். பெரிய பாத்திரத்தில் கிழங்கு குத்துவதற்கென்றே வைத்திருப்பார்களாம். மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடையது கனம், என்னுடையதற்குத் தலை சிறியது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று மட்டும் கவனம்: கீரை கடைவது போலச் சுழற்றிக் கடையாதீர்கள். மேலிருந்து அழுத்திக் குத்துங்கள், கட்டி உடைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கீரைக்கு வருவோம். பெயரே அதிலிருந்துதான் வந்தது. ஐரிஷ் மொழியில் 'கால்' என்றால் கோஸ், கோல்கேனன் என்பது வெண்தலைக் கோஸ். கேல்தான் போட வேண்டும் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், சுருள் இலை கொண்ட சவாய் கோஸ்தான் என்பவர்களும் இருக்கிறார்கள். பாட்டி பாத்தியில் எது இருக்கிறதோ அதைப் போட்டார். கால் கிலோ போதும். கேல் என்றால் நடுத்தண்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பொடியாக நறுக்கி, கொதிக்கும் உப்பு நீரில் பச்சை மாறாமல் சில நிமிடம் மட்டும். நேரம் ஏற ஏறக் கந்தக வாடை கிளம்பும். கோஸ் நாறுகிறது என்று சொல்பவர்கள் எல்லாம் அரை மணி நேரம் வேகவைத்த கோஸைத்தான் முகர்ந்திருக்கிறார்கள். வடித்தபின் கையில் பிடித்து நன்றாகப் பிழியுங்கள், நீர் நின்றால் மறுபடி பசை.

கால் லிட்டர் பாலில் ஐந்தாறு வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டு, கொதி வரும் முன் இறக்கி, சூடாகவே கிழங்கில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பால் ஊற்றினால் கிழங்கு இறுகிவிடும். கூடவே ஐம்பது கிராம் வெண்ணெய், கீரை, உப்பு, மிளகுத்தூள். தட்டில் குவித்து, நடுவில் கரண்டியால் குழி செய்து, அதில் இன்னொரு பெரிய துண்டு வெண்ணெய். அது உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குளத்தில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கொலஸ்ட்ரால் என்று கமென்ட் போடப்போகிறவர்களுக்கு: நானும் நர்ஸ்தான், எனக்கும் தெரியும். தினமும் சாப்பிடச் சொல்லவில்லை.

நீங்கள் சைவமாக இருந்தால் இதைத் தயங்காமல் கொண்டுபோகலாம். மற்ற நாளில் பக்கத்தில் வேகவைத்த பேக்கன் (உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி) இருக்கும். ஆனால் கோல்கேனனுக்கே உரிய நாள் அக்டோபர் 31, ஹாலோவீன். மறுநாள் சகல புனிதர்கள் திருநாள் என்பதால் முன்பெல்லாம் அன்று கத்தோலிக்கர்களுக்கு இறைச்சி விலக்கு இருந்தது, அதனால்தான் கிழங்கும் கீரையும். அன்று இதற்குள் மோதிரம், நாணயம் எல்லாம் ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் கல்யாணம், நாணயம் கிடைத்தால் பணம். எனக்கு நாணயம் வந்தது, தாளில் சுற்றி வைத்திருந்தார். பணம் வந்ததா என்று கேட்காதீர்கள், அந்த நாணயம் பத்திரமாக இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஐரிஷ் சாப்பாடு என்று கார்ன்ட் பீஃப் (உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி) காட்டும். அது நியூயார்க்குக்குப் போன ஐரிஷ்காரர்கள் அங்கே பழகிக்கொண்டது, இங்கே வீடுகளில் பேக்கன்தான்.

உப்புச் சப்பு இல்லாத சாப்பாடு என்கிறீர்களே, இந்தக் கிழங்கு இவர்களுக்கு என்னவாக இருந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1845 இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குச் செடிக்குக் கருகல் நோய் வந்தது. ஏழைகள் லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். 1852 வரை பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1841-இல் எண்பது லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகையை இந்தத் தீவு இன்னும் திரும்ப எட்டவில்லை. தானியமும் வெண்ணெயும் அந்த நாட்களிலும் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மிடில்டன் பூங்காவில் ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நிற்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது. சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட அமெரிக்கப் பழங்குடியான சாக்டா மக்கள் 1847-இல் இங்கே பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டி அனுப்பிய நன்றிக்காக வைத்தது. பாட்டிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தோம்.

அந்த நோயை எனக்குத் தெரியும். ஊட்டியிலும் அதே நோய்தான். இரண்டு நாள் மூடுபனியும் தூறலும் சேர்ந்தால், சாயங்காலம் பச்சையாக இருந்த கிழங்குக் காடு காலையில் ஓரம் கருகி நிற்கும். பக்கத்தில் போனால் ஒரு அழுகல் வாடை. அப்பா விடியும் முன்னே டார்ச் எடுத்துக்கொண்டு இலையைப் புரட்டிப் பார்ப்பார், அடியில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று. இங்கே வானிலை அறிக்கையிலேயே கருகல் எச்சரிக்கை சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் பாட்டி ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். அவர் கணவர் மயில்துத்தமும் (செப்பு சல்பேட்) சலவை சோடாவும் கலந்து அடிப்பாராம். எங்கள் தாத்தா மயில்துத்தமும் சுண்ணாம்பும்.

பேச்சு அப்பாவிடம் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அவ்வளவு பாடுபட்டு நோயிலிருந்து காப்பாற்றிய கிழங்கை மலையிலிருந்து கீழே மண்டிக்கு அனுப்பினால், 45 கிலோ மூட்டைக்கு மண் என்று கொஞ்சம், கழிவு என்று கொஞ்சம் குறைப்பார்கள். கமிஷன், ஏற்று கூலி, இறக்கு கூலி, லாரி வாடகை எல்லாம் எங்கள் தலையில். ஒரு வருடம் முட்டைக்கோஸ் விலை விழுந்து, அறுப்புக் கூலி கூடக் கட்டாது என்று அப்பா காட்டிலேயே விட்டுவிட்டார். மாடு மேய்ந்தது. அந்த வருடம் என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் போனது. யாரையும் பேர் சொல்லிக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கடையில் கோஸைக் கையில் எடுத்துப் பார்த்து "இதுக்கு இவ்வளவா" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

இப்போது கரம் மசாலா. உங்கள் சமையலறை, உங்கள் தட்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானே மறுநாள் மிச்சத்தில் பச்சைமிளகாயும் சீரகமும் போட்டுத் தட்டி, வெண்ணெயில் முறுகச் சுட்டிருக்கிறேன். பாட்டி இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் வீட்டிலும் மிச்சத்தைக் காலையில் வறுத்துத்தான் சாப்பிடுவார்கள். ஆனால் பாட்லக்கில் ஐரிஷ் சாப்பாடு என்று வைக்கப்போகிறீர்கள். முதல் தடவை மசாலா இல்லாமல் செய்யுங்கள். நல்ல கிழங்கும் நல்ல வெண்ணெயும் சேர்ந்தால் ஒரு இனிப்பு வரும். மசாலா போட்டால் முதலில் மறைவது அதுதான்.

சனிக்கிழமை வீட்டில் பாதி அளவில் ஒரு தடவை செய்து பாருங்கள். அப்போதும் பசையானால் பையின்மேல் அச்சடித்திருக்கும் கிழங்கின் பெயரைக் கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.