திரவ நைட்ரஜனில் நியோடிமியம் காந்தம்: வலிமை கூடுமா, குறையுமா?

கேள்வி: எங்கள் ஆய்வகக் கருவியில் நியோடிமியம் காந்தங்களைத் திரவ நைட்ரஜனில், அதாவது 77 கெல்வினில், வைக்கப்போகிறோம். குளிரக் குளிரப் புலம் கூடிக்கொண்டே போகுமா? முனைகளில் இரும்புக்குப் பதில் ஹோல்மியம் என்ற அருமண் உலோகத்தை வைக்கலாமா?

பதில்: ஓர் எல்லை வரைதான் கூடும். அறை வெப்பநிலையை ஒட்டி, ஒரு டிகிரி குறைந்தால் புலம் சுமார் 0.1 சதவீதம் ஏறும். ஏறத்தாழ 135 கெல்வினில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். காந்தம் கெட்டுப்போவதில்லை, திசைதான் மாறுகிறது. நியோடிமியத்தின் 4எஃப் என்ற உள்கூட்டு எலக்ட்ரான் மேகம் உருண்டையானதல்ல. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலத்துக்கு ஏற்ப அது ஒரு திசையில் சாய்ந்து நிற்க விரும்புகிறது. அறை வெப்பநிலையில் அந்தத் திசை படிக அச்சோடு ஒத்துப்போகிறது. 135 கெல்வினுக்குக் கீழே அச்சிலிருந்து விலகத் தொடங்கி, 4 கெல்வினில் ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்துவிடுகிறது. அணுவின் காந்தத்திறன் குறையாவிட்டாலும், உங்களுக்குத் தேவையான திசையில் கிடைக்கும் பங்கு குறைகிறது. மீண்டும் சூடாக்கினால் பழைய நிலை திரும்பும். குளிரில் காந்தநீக்கத்தை எதிர்க்கும் திறன் நன்றாக உயர்வதால் அந்தப் பயமும் வேண்டாம்.

77 கெல்வினில்தான் இயக்கவேண்டும் என்றால் பிரசியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தையே பரிந்துரைப்பேன். அதில் இந்தச் சாய்வு நிகழ்வதில்லை; குளிர்ந்த அன்டுலேட்டர்களில் (எலக்ட்ரான் கற்றையை அலையலையாக வளைத்து ஒளி உமிழவைக்கும் காந்த வரிசைகளில்) அதைப் பயன்படுத்துவதும் இதனால்தான். சமாரியம்-கோபால்ட் வெப்பநிலைக்கு அதிகம் அசையாது, ஆனால் புலம் சற்றுக் குறைவு.

ஹோல்மியம் வேண்டாம். 4.2 கெல்வினில் அதன் செறிவுக் காந்தமாக்கம், அதாவது எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கம், 3.9 டெஸ்லா அளவுக்குப் போகும், இரும்புக்கோ 2.2 தான். ஆசை வருவது நியாயமே. ஆனால் ஹோல்மியம் இயல்பான ஃபெரோகாந்தமாவது, அதாவது இரும்பைப் போல அணுக்காந்தங்கள் ஒரே பக்கம் அணிவகுப்பது, சுமார் 20 கெல்வினுக்குக் கீழேதான். அதற்கு மேல் 132 கெல்வின் வரை, அணுக்காந்தங்கள் அடுக்குக்கு அடுக்கு திசை திரும்பிச் சுருள்போல நிற்பதால் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. 85 கெல்வினை ஒட்டி ஃபெரோகாந்தமாகும் இன்னொரு அருமண் உலோகமான டிஸ்ப்ரோசியம் நெருங்கிவருகிறது. என்றாலும் படிகத்தின் ஒரு திசையில் அதைக் காந்தமாக்குவது மிகக் கடினம். பல படிகங்கள் கலந்த துண்டு இரும்பை மிஞ்ச வலுவான வெளிப்புலம் வேண்டும், நிலைக்காந்த அமைப்பில் அது கிடைக்காது. எனவே உங்களுக்கு இரும்பு முனைகளே போதும்.

காந்தங்கள் உடையக்கூடியவை, மெதுவாகக் குளிர்வியுங்கள். சுருங்கும் அளவு திசைக்குத் திசை வேறுபடுவதால் பசையை மட்டும் நம்பாமல் இறுக்கிப் பிடிக்கும் சட்டமும் அமையுங்கள். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரியை 77 கெல்வினிலேயே அளவுதிருத்தம் செய்த பிறகு அளவெடுங்கள்.