ஆச்சி கை வெரலும் நருட்டோ கண்ணும்

அண்ணாச்சி வணக்கம். நீங்க போட்ட வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன், கடையில பாத்திரம் உருளுத சத்தத்துக்கு நடுவுல "பய கோட்டி புடிச்சு அலையுதான், பிளஸ் ஒன் படிக்குதவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஜப்பான் பொம்மை போட்டுக்கிட்டு கெடக்கான், இதெல்லாம் பொழைக்கிற வழியா"ன்னு கேட்டிய, கோவத்த விட பயந்தான் ஜாஸ்தியா தெரிஞ்சுது. ஆனா திட்டுனதோட விடாம அவன் நோட்டுலேருந்து பதினோரு பக்கம் போட்டோ புடிச்சு அனுப்பிருக்கிய பாத்தியளா, அது நல்ல காரியம். நெறைய பேரு நோட்டக் கிழிச்சுப் போட்ட பெறவுதான் என்கிட்ட வாராங்க.

அதுல பத்து பக்கம் நான் எதிர்பாத்ததுதான். நருட்டோ, கோக்கு, லூஃபின்னு அனிமேல, அதான் ஜப்பான் கார்ட்டூன்ல, வார ஹீரோமாரு, சோலோ லெவலிங்ல வார கருப்புக் கோட்டுக்காரன், ஏதோ கேம்ல வாள் புடிச்சு நிக்குத ஒரு பொம்பளப்பிள்ளை. கண்ணு பெருசு, மூக்கு ஒரு புள்ளி, முடி முள்ளு முள்ளா. நல்லாத்தான் போட்டிருக்கான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா இந்த மாதிரி போடுத பயலுவ மாசத்துக்கு நாலு பேரு என்னப் பாக்க வாரானுவ.

பதினோராவது பக்கத்துலதான் நின்னுட்டேன். பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு பின்பக்கம், பால்பாயிண்ட் பேனா. ஒரு ஆச்சி, உங்க அம்மாவாத்தான் இருக்கணும், சொளவ மடியில வச்சு பீடி சுத்துதாங்க. மூஞ்சி அதே ஜப்பான் மூஞ்சிதான், ஆச்சிக்கு அம்புட்டு பெரிய கண்ண வச்சுப் பாத்ததும் எனக்கே சிரிப்பு வந்துட்டு. ஆனா அந்தக் கையப் பாருங்க. எலைய உருட்டுத கட்டவெரல் நகம் ஒரு ஓரமா தேஞ்சு போயிருக்கதப் போட்டிருக்கான், மூட்டு எல்லாம் எந்த எடத்துல மடங்கணுமோ அங்கன மடங்கியிருக்கு. கையச் சுத்தி நாலஞ்சு கோடு வேற, வேகத்தக் காட்டுத கோடு, நருட்டோ ஓடும்போது போடுவாங்கல்லா அதே கோடு. அத எடுத்து ஆச்சி பீடி சுத்துத வேகத்துக்குப் போட்டிருக்கான் அண்ணாச்சி, இத அவனுக்கு எந்த யூடியூப்பும் சொல்லிக் குடுத்திருக்காது.

"காப்பி அடிச்சிட்டே இருந்தா சொந்தமா எப்ப வரும்"னு கேட்டிய. காப்பி அடிக்காம வந்தவன் யாருமே இல்ல. நருட்டோ படக்கதைய 1999ல ஆரம்பிச்ச மசாஷி கிஷிமோட்டோ சின்னப்பிள்ளையில, அந்தக் கோக்கு வார டிராகன் பால் கதைமேல பைத்தியம், பெறவு அகிரான்னு ஒரு படத்தப் பாத்து அந்த மாதிரி போடணும்னு கெடந்தவரு, ஆர்ட் காலேஜுலயும் ஒழுங்கா போய்ப் படிச்சாரு. டிராகன் பால 1984ல ஆரம்பிச்ச அகிரா தொரியாமாவுக்கு டிஸ்னியோட நாய்க்குட்டிப் படம், 101 டால்மேஷியன்ஸ், அதுமேல ஆசை. இவங்களுக்கெல்லாம் முன்னாடி ஒசாமு தெசுகா, 1952லயே ஆஸ்ட்ரோ பாய் போட்டவரு, உங்க பையன் போடுத அந்தப் பெரிய கண்ணோட வேரு அங்கதான் இருக்கு, அவரும் டிஸ்னி படத்துலேருந்துதான் அதப் புடிச்சாரு. அவரு டாக்டருக்குப் படிச்சவரு. இத மட்டும் வீட்டுல சொல்லிராதிய, "அப்ப நீயும் மொதல்ல நீட் எழுதுல"ன்னு நீங்க ஆரம்பிச்சிருவிய.

ஜப்பான் வரைக்கும் ஏன் போவணும், நம்ம கோவில்பட்டி கொண்டைய ராஜுவ எடுத்துக்கோங்க, அப்ப கோவில்பட்டி நம்ம திருநெல்வேலி ஜில்லாதான. நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா எழுதுனவரு, கம்பெனி கலைஞ்ச பெறவு கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு, அவரு போட்ட சாமிப் படம் சிவகாசியில காலண்டரா அச்சடிச்சு ஊரு ஊரா போச்சு. உங்க கல்லாவுக்கு மேல பழைய லட்சுமி படம் தொங்குச்சுன்னா பின்னாடி இருக்க தூணையும் திரையையும் பாருங்க, நாடக மேடையேதான்.

அதனால அவன் எதப் பாத்து வரையுதான்ங்கது எனக்குப் பிரச்சனையே இல்ல. ஏன்னு கேக்குதானான்னுதான் பாப்பேன். இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பாருங்க, "ஏல, அந்தக் கோக்குவுக்கு கோவம் வந்தா முடி ஏன் வெளுத்துப் போவுது?" சக்தி வந்துட்டு, சூப்பர் சாயான்னு கதை சொல்லுவான். கதைக்கு வெளிய ஒரு காரணம் இருக்கு. டிராகன் பால் படக்கதைப் புத்தகம் கருப்பு வெள்ளை, கோக்கு முடிய ஒவ்வொரு கட்டத்துலயும் மையி வச்சு கருப்பா நிரப்பணும், அதுலயே உதவியாளருக்கு நேரம் போயிட்டு இருந்துச்சு, வாரா வாரம் அத்தியாயம் குடுக்கணும், அதனால முடிய வெள்ளையா விட்டா வேலை மிச்சம்னு தொரியாமாவே சொல்லிருக்காரு. அம்புட்டு பேரும் கும்புடுத அந்த முடி, மையி மிச்சம் புடிக்கப் போய் வந்தது. இதக் கேட்டதும் பயலுக்கு கண்ணு விரிஞ்சு அடுத்த கேள்வி கேட்டான்னா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. "சரிப்பா"ன்னு போன எடுத்துட்டான்னா வரையட்டும், பொழுதுபோக்கா வரையட்டும், அதுக்காக காலேஜுக்கு பணத்தக் கட்டாதிய.

ஒரு தப்ப ஒத்துக்கிடுதேன். நாலஞ்சு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு பய வந்தான், அம்பது அனிமே படம், ஒவ்வொண்ணும் பிரிண்ட் மாதிரி, நானும் மயங்கிப் போயி இதையே போர்ட்ஃபோலியோவா, அதான் காலேஜுல சேரக் காட்டுத படத் தொகுப்பா, கொண்டு போன்னு அனுப்பி வச்சேன். இன்டர்வியூவுல அவன் ஃபைல ஓரமா வச்சுட்டு, பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துக்குள்ள மூட்டையத் தூக்கிட்டு பஸ் ஏறுத ஒரு ஆளப் போடுன்னுட்டாங்க. பயலுக்கு முதுக எப்படி வளைக்கதுன்னே தெரியல. ஒரு வருஷம் போச்சு, அது முழுக்க என் தப்பு. அன்னையிலேருந்து என்கிட்ட வார பிள்ளையளுக்கு ஒரே கணக்குதான், நாலு படத்துல ஒண்ணு அனிமே, மூணு கண்ணுல நேராப் பாத்தது.

நேராப் பாக்க நம்ம ஊருல என்ன இல்ல. ஞாயித்துக்கிழமை திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு அவனக் கூட்டிட்டுப் போங்க, கர்ணன், அர்ஜுனன், ராஜகுமாரியத் தூக்கிட்டு ஓடுத குறவன். தூணுலயே ஆளு உசரத்துக்கு சிலை நிக்கும், காலு நரம்புலேருந்து நகம் வரைக்கும் தெரியும். கர்ணன் நிக்குத நெலையப் பாத்தா அவனே சொல்லுவான், இது நம்ம ஹீரோ போஸ்லான்னு. அங்கன ஒரு மணி நேரம் உக்காந்து பென்சில்ல போடச் சொல்லுங்க, போன் உங்க கையில இருக்கட்டும்.

படிப்பு விஷயம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்ப மாத்த வேண்டாம். டிசைன் படிப்புக்கு யூசீட்னு ஒரு பரீட்சை, மும்பை ஐ.ஐ.டி. நடத்துது, பிளஸ் டூல எந்த குரூப் படிச்சாலும் எழுதலாம், அதுல கையால படம் போடுத பகுதியும் உண்டு. என்.ஐ.டி.க்கு, இன்ஜினியரிங் என்.ஐ.டி. இல்ல, நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், அதுக்கு தனிப் பரீட்சை, அங்க அனிமேஷனே படிக்கலாம். ரெண்டும் கஷ்டம், லேசுல கெடைக்காது. சென்னையிலயும் கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு, சென்னைல உள்ளது 1850ல ஆரம்பிச்சது, நாலு வருஷம், ஃபீஸு உங்களுக்கு பாரமா இருக்காது. என்னக் கேட்டா நான் இதத்தான் மொதல்ல சொல்லுவேன். ஆறே மாசத்துல அனிமேட்டர், நூறு சதவீதம் வேலைன்னு போர்டு வச்சிருக்க எடத்துல மட்டும் முன்பணம் கட்டிராதிய, அப்படிக் கட்டிட்டு அழுத அம்மாமாரு நெறைய பேர பாத்துட்டேன். லட்ச ரூவா கம்ப்யூட்டரும் இப்ப வேண்டாம், கிரீட்டான்னு படம் போடுத ஒரு சாஃப்ட்வேர் ஓசி, அனிமேஷன் பண்ணுத பிளெண்டரும் ஓசி, சின்ன பேனா டேப்லெட் ஒண்ணு போதும், அதுவும் பிளஸ் டூ முடியட்டும்.

வருமானத்தப் பத்தி மறைக்காம சொல்லுதேன். அனிமேஷன்ல இடைப்படம் போடுத வேலைன்னு ஒண்ணு உண்டு, ரெண்டு முக்கியப் படத்துக்கு நடுவுல அசைவ நிரப்புத படம். செகண்டுக்கு 24 ஃபிரேம், அனிமேல ஒரே படத்த ரெண்டு மூணு ஃபிரேமுக்கு நிறுத்தி ஒப்பேத்துவாங்க, அப்படியும் அசைவு வார எடத்துல செகண்டுக்கு 8, 12 படம் வேணும். ஜப்பான்ல அதப் போடுத புது ஆளுகளுக்கு பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு உங்க அம்மா வாங்குதாங்கல்லா, அதே கணக்கு. அந்த எடத்துலயே உக்காந்துட்டா கஷ்டம். கதைய கட்டம் கட்டமா பிரிக்குதவன், ஒரு ஆளு எப்படி நிப்பான் எப்படி உடுத்துவான்னு மொதல்ல யோசிச்சுப் போடுதவன், அவனுக்குத்தான் மதிப்பு. தொரியாமாவையே 1986ல டிராகன் குவெஸ்ட் கேமுக்கு அதுக்குத்தான் கூப்புட்டாங்க. சினிமாவுக்கும் கேமுக்கும் விளம்பரத்துக்கும் அந்த ஆளு வேணும். ஆனா மொத மூணு நாலு வருஷம் சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், அது வரைக்கும் உங்களால தாங்க முடியுமான்னு வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து பேசிருங்க. ஏஐ வந்து எல்லாத்தையும் போட்டுருமேன்னும் கேட்டிய, நருட்டோ கண்ண அது இப்பவே போடுது, நம்ம ஆச்சி நகம் தேஞ்சிருக்கது அதுக்குத் தெரியாது.

சனிக்கெழம சாயங்காலம் அவனக் கூட்டிட்டு வாங்க, ஆச்சி மூஞ்சிய மறுபடி ஒருக்க, இந்தத் தடவ அவுக நெசக் கண்ணோட, போட்டுக் கொண்டாரச் சொல்லுங்க. அந்த ரெக்கார்டு நோட்டு பிசிக்ஸ் சார்வாள் கையில மாட்டுததுக்கு முன்னாடி பின்பக்கத்த பைய கத்தரிச்சு எடுத்து வச்சிருங்க, அட்டையக் கேட்டா எலி கடிச்சிட்டுன்னு சொல்லிக்கிடலாம்.