ரப்பிகள் என்ற யூத மதகுருக்களின் வாய்மொழி மரபைத் தொகுத்த நூலான தால்மூதை ஏற்காத யூதர்களும் உண்டா?

உண்டு. கராயிட்டுகள் என்று பெயர். 8-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் பக்கம் வாழ்ந்த அனான் பென் தாவீதை இவர்களின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். எபிரேய வேதத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம், ரப்பிகளின் வாய்மொழி மரபு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது இவர்கள் கட்சி.

வித்தியாசம் வெள்ளிக்கிழமை இரவில்தான் பளிச்சென்று தெரியும். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; அந்நாளில் வீட்டில் தீ மூட்டாதே என்கிறது அந்த வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா. சரி, முன்கூட்டியே ஏற்றிவிட்டால் எரியட்டுமே என்றார்கள் ரப்பிகள். அதனால்தான் பொழுது சாயுமுன் விளக்கேற்றும் வழக்கம். பழைய கராயிட்டுகளோ எரிகிற தீயே கூடாது என்று இருட்டில், ஆறிப்போன சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பிடிவாதம்தான், ஆனால் பிசகாத பிடிவாதம்! பின்னாளில் ஒரு சாரார் விளக்கை அனுமதித்தார்கள்.

அப்புறம், யார் யூதர் என்பதிலும் வேறுபாடு: ரப்பிகளுக்குத் தாய்வழி, இவர்களுக்குத் தந்தைவழி. எகிப்திலிருந்து போன பலர் இஸ்ரேலின் ராம்லாவில் குடியேறினார்கள். தொழுகைக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள்.